மதம் மாறாமலே கல்யாணம் செய்யலாம், நம்புங்கள்

மறுபடியும் ஒரு பெண் வந்திருந்தார். கணவர் இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டால், "இது செல்லாத கல்யாணம்" என்று கணவரின் அண்ணன் தம்பிகள் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்கள். கணவர் கிறிஸ்தவர், இவர் இந்து. பையிலிருந்து எடுத்து வைத்த காகிதங்களைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோயில் ரசீது, இந்து திருமணச் சட்டப்படி (இருவரும் இந்துவாக இருந்தால்தான் அது பொருந்தும்) வாங்கிய பதிவுச் சான்று, கூடவே லெட்டர்பேடில் டைப் அடித்த 'மதமாற்றச் சான்றிதழ்'. தாலி கட்டிய தேதிதான் மதம் மாறிய தேதியும். மாறியதாகச் சொல்லப்படும் மனிதரை அடக்கம் செய்ததோ சர்ச் கல்லறைத் தோட்டத்தில். எதிர்த்தரப்பு அந்த அடக்கப் பதிவேட்டின் நகலைத்தான் முதல் ஆவணமாக வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர், 'ஒரே நாளில் ரிஜிஸ்டர் மேரேஜ்' என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு புரோக்கர்.

"யாராவது ஒருத்தர் மாறித்தானே மேடம் ஆகணும்?" ஐடியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், எங்கள் வக்கீல் சங்கத்திலேயே ஜூனியர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். ஒருவரும் மாற வேண்டாம். 1872-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் "நான் இந்து இல்லை, கிறிஸ்தவன் இல்லை, முஸ்லிம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால்தான் கல்யாணம். 1954-ல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. அவரவர் மதத்தில் இருந்துகொண்டே செய்துகொள்ளலாம். எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்!

அடுத்தது, "நாங்க சுயமரியாதைத் திருமணம் பண்ணிட்டோம் மேடம், அதுல மதமே இல்லையே!" கொள்கையில் இல்லைதான். ஆனால் 1967-ல் அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த 7-ஏ பிரிவு உட்கார்ந்திருப்பது இந்து திருமணச் சட்டத்துக்குள். இருவரும் இந்துவாக இருந்தால்தான் அது பொருந்தும். பதிவு செய்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. ரோமன் கத்தோலிக்கர் ஒருவர் இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவும் செய்திருந்தார். அந்தத் திருமணமே செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவுச் சான்று அதைக் காப்பாற்றவில்லை.

கடமைக்கு மதம் மாறுவதில் இன்னொரு ஆபத்து. 1950-ம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களையும், 1956-லிருந்து சீக்கியரையும், 1990-லிருந்து பௌத்தரையும் மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனால் அந்தத் தகுதி போய்விடும். சேரியும் தீண்டாமையும் மட்டும் கூடவே வரும். அது தனி அநியாயம், தனியாக எழுத வேண்டியது. இட ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன பெண், மாப்பிள்ளை வீட்டு மனத்திருப்திக்காக ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதுமுன் இதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டாமா?

சிறப்புத் திருமணச் சட்டம் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ஒரே மதத்து ஜோடி நேராகப் போய்ப் பதிவு செய்யலாம். மதம் வேறான ஜோடி மட்டும் பெயர், விலாசத்தோடு 30 நாள் பதிவு அலுவலக நோட்டீஸ் பலகையில் தொங்க வேண்டும். நிரந்தர விலாசம் வேறு மாவட்டமாக இருந்தால் அங்கும் ஒரு நகல் போய் ஒட்டப்படும். சென்னைக்கு வந்துவிட்டோம், ஊருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நோட்டீஸ் ஒட்டுவதை ஜோடியின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ப் பலகைகள் அப்படியேதான் இருக்கின்றன. புரோக்கருக்குச் சோறு போடுவது இந்த 30 நாள்தான்.

ஆகவே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் உங்களில் ஒருவராவது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். விலாசச் சான்றை முதலிலேயே தயார் செய்யுங்கள். மூன்று சாட்சிகள் வேண்டும், கடைசி நேரத்தில் பின்வாங்காத ஆட்களாகப் பாருங்கள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அப்பா அம்மா கையெழுத்து தேவையே இல்லை, கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெற்றவர்கள் ஆட்சேபம் கொடுக்கலாம், ஆனால் வயது, ஏற்கெனவே கல்யாணமானவரா, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவு, இவ்வளவுதான் காரணமாகும். பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. வீண் ஆட்சேபம் செய்பவருக்கு ஆயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம் என்றுகூட இருக்கிறது. விதித்து நான் பார்த்ததில்லை.

மிரட்டல் வந்தால் வீட்டுக்குள் ஒளியாதீர்கள். மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டம்தோறும் தனிப்பிரிவும், தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அந்த உத்தரவைக் குறிப்பிடுங்கள்.

ஏற்கெனவே லெட்டர்பேடு கல்யாணம் செய்து குடும்பம் நடத்துகிறவர்களே, பயப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ம் பிரிவில் பதிவு செய்யலாம். இருவருக்கும் 21 முடிந்திருக்க வேண்டும், சடங்கு நடந்த நாளிலிருந்து சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இதற்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு. சடங்குக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளாவார்கள். தயவுசெய்து இந்த மாதமே போங்கள், புரோக்கர் இல்லாமல்.