சிறைக்குள் இருந்து கவுன்ட்டி மேல் வழக்கு: எது முதலில்?

"செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறேன். என்னை உள்ளே தள்ளிய கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி நிர்வாகம்) மேல் நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும்." குடிமை உரிமை வழக்குகள் நடத்தும் எங்களைப் போன்ற அமெரிக்க அலுவலகங்களுக்கு இப்படிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால், பலர் சிறை நூலகத்தில் படிவம் வாங்கிக் கையால் நிரப்பி, மனுவைத் தாக்கல் செய்துவிட்டு அப்புறம்தான் எங்களுக்கு எழுதுகிறார்கள்.

போலீஸ்காரரோ நகராட்சியோ அரசியல் சாசன உரிமையைப் பறித்தால் நஷ்டஈடு கேட்க வழிசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1871-இலிருந்தே இருக்கிறது. 1983-ஆம் பிரிவு என்பார்கள் (1983 பிரிவின் எண், ஆண்டு அல்ல). ஆனால் 1994-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு பூட்டுப் போட்டது. இந்தியானாவில் மனைவியைக் கொன்றதாக 15 ஆண்டு தண்டனை பெற்ற ராய் ஹெக், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அரசு வழக்கறிஞர்கள் மீதும் புலனாய்வு அதிகாரி மீதும் நஷ்டஈடு கேட்டார். நீதிமன்றம் ஒப்பவில்லை. நீங்கள் ஜெயித்தால் தண்டனை தப்பென்று ஆகிவிடும் என்கிற மாதிரியான வழக்காக இருந்தால், முதலில் அந்தத் தண்டனையை ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டிலோ, ஆட்கொணர்வு மனுவிலோ, ஆளுநரின் ஆணையாலோ அது ரத்தாகியிருக்க வேண்டும்.

ஆக, உள்ளே இருந்து போடும் மனு பெரும்பாலும் விசாரணைக்கே வராமல் தள்ளுபடி ஆகிறது. நீங்கள் சொல்வது பொய் என்பதால் அல்ல, வரிசை மாறியதால். நஷ்டம் அதோடு முடிவதில்லை. 1996-இல் வந்த சிறைவாசிகள் வழக்குச் சட்டப்படி, ஏழை என்று நிரூபித்தாலும் நீதிமன்றக் கட்டணம் தள்ளுபடி இல்லை. சிறைக் கணக்கிலிருந்து தவணையாகப் பிடித்துவிடுவார்கள். அடிப்படையற்றவை என்று 3 வழக்குகள் தள்ளுபடி ஆனால், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருந்தால் ஒழிய, அந்தத் தவணைச் சலுகையும் போய்விடும். ஹெக் தீர்ப்பால் தள்ளுபடி ஆவதையும் இந்த 3-இல் ஒன்றாகச் சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எண்ணுகின்றன.

சரி, தண்டனை ரத்தாகிவிட்டது, வெளியே வந்தாயிற்று. பணம் கிடைத்துவிடுமா? வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் மேல் கை வைக்க முடியாது. அந்த வேலைக்காக அவர்மேல் நஷ்டஈடு வழக்கே கிடையாது என்று 1976-இலேயே முடிவாகிவிட்டது. நகராட்சி, கவுன்ட்டி மேல் போடலாம், 1978-இன் மோனெல் தீர்ப்பு அதற்கு வழி திறந்தது. ஆனால் ஊழியர் ஒருவர் தப்பு செய்தார் என்பது மட்டும் போதாது. அந்த நிர்வாகத்தின் கொள்கையோ ஊறிப்போன வழக்கமோதான் தப்புக்குக் காரணம் என்று காட்ட வேண்டும்.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஜான் தாம்சனின் வழக்கைப் படிக்க வேண்டும். அவர் மீது ஒரு கொள்ளை வழக்கு, ஒரு கொலை வழக்கு. கொள்ளையில் 1985-இல் முதலில் தண்டனை வாங்கிவிட்டார்கள். அதனால் கொலை விசாரணையில் அவரால் கூண்டேறிப் பேச முடியவில்லை. பேசினால் அந்தத் தண்டனையை ஜூரி முன் எடுத்துப் போடுவார்கள். மரண தண்டனை விழுந்தது. 1999-இல், தண்டனையை நிறைவேற்றச் சில வாரங்களே இருந்தபோது, தனியார் துப்பறிவாளர் ஒருவர் ஆய்வக அறிக்கை ஒன்றைக் கண்டெடுத்தார். கொள்ளையன் விட்டுச்சென்ற ரத்தம் பி வகை, தாம்சனுக்கு ஓ. அரசுத் தரப்பு அந்த அறிக்கையை எதிர்த்தரப்புக்குக் காட்டவே இல்லை. கொள்ளை வழக்கை நடத்திய வழக்கறிஞர்களில் ஒருவர், புற்றுநோயில் சாகும் தறுவாயில், தானே சான்றை மறைத்ததாக நண்பரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நண்பரும் 5 ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

18 ஆண்டுச் சிறை, அதில் 14 ஆண்டுகள் மரண தண்டனைக் கொட்டடி. கொலை வழக்கின் 2003 மறுவிசாரணையில் விடுதலை. நஷ்டஈட்டு வழக்கில் ஜூரி 1.4 கோடி டாலர் தந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதைப் பறித்துவிட்டது. சான்றை மறைத்ததை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு சம்பவத்தை வைத்து, சான்றை மறைக்கக் கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி தராதது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் குற்றம் என்று சொல்ல முடியாதாம். அந்த அலுவலகம் சான்றுகளை மறைத்ததால் அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் 4 தண்டனைகள் ரத்தாகியிருந்தன. அவை வேறு மாதிரிச் சான்றுகள் என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றுவரை உடன்பாடில்லை. ஆனால் சட்டம் அதுதான், வழக்கை அதற்கேற்பத்தான் கட்ட வேண்டும்.

காலக்கெடு விஷயத்தில் மட்டும் ஓர் ஆறுதல். இப்படிப்பட்ட கோரிக்கைக்குக் கடிகாரம் தண்டனை ரத்தான பிறகுதான் ஓடத் தொடங்கும். புனைந்த சான்று வைத்து நடந்த வழக்குகளுக்கும் அப்படியே என்று 2019-இல் தெளிவாக்கினார்கள். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: நியூயார்க்கில் 3 ஆண்டு, டென்னஸியில் ஒரே ஆண்டு. கூட்டாட்சிச் சட்டத்தோடு மாநிலச் சட்டப்படியும் நியூயார்க் நகரத்திடம் கேட்பதாக இருந்தால் 90 நாளுக்குள் முன்னறிவிப்பு தர வேண்டும். விடுதலையான சந்தோஷத்தில் இந்த 90 நாளைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

உள்ளே இருக்கும்போதே போடக்கூடிய வழக்குகளும் இருக்கின்றன. காவலர்கள் அடித்தார்கள், மருத்துவம் மறுத்தார்கள் என்பவற்றை ஹெக் தீர்ப்பு பொதுவாகத் தடுக்காது. மரபணுப் பரிசோதனைக்குச் சான்றுப்பொருளைத் தர மறுக்கும் நடைமுறையையும் 1983-ஆம் பிரிவில் கேள்வி கேட்கலாம் என்று 2011-இல் ஒரு டெக்சாஸ் கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பரிசோதனை முடிவு சாதகமாக வந்தால், தண்டனையை ரத்து செய்யும் மனுவுக்கு அதுவே முதுகெலும்பு.

எங்களைப் போன்றவர்களுக்கு எழுதும்போது வழக்கு எண், தண்டனைத் தேதி, மேல்முறையீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இதற்கு முன் எத்தனை மனு தள்ளுபடி ஆனது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நடந்த கதை அடுத்த பக்கத்திலிருந்து வரட்டும். மூலப் பிரதிகளை அனுப்ப வேண்டாம், நகல் போதும்.