ஒரு ரிமோட் இன்னொரு ரிமோட்டிடம் பாடம் கேட்கிறது

அம்மாவின் மடியில் எப்போதும் இரண்டு ரிமோட் இருக்கும். சேனலுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. பார்வை மங்கியபின் எது எதுவென்று தடவித் தடவிப் பார்ப்பார். பெரிய பட்டன்கள் கொண்ட, கற்றுக்கொள்ளும் வகை யுனிவர்சல் ரிமோட் ஒன்றை வாங்கி வந்தேன். பழைய ரிமோட்டையும் புதியதையும் மேசைமேல் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல வைத்தேன். புதியதைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பழையதில் வால்யூம் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு இருமுறை சிமிட்டியது. பாடம் முடிந்தது!

அந்த ஒரு நொடிக்குள் நடந்தது அற்புதமான வேலை.

ரிமோட்டின் முனையில் உள்ள எல்இடி உமிழ்வது பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் செல்ஃபி கேமராமுன் பிடித்து அழுத்திப் பாருங்கள், பல போன்களில் வெளிர் ஊதாவாக மினுங்கும். வெயிலிலும் குண்டு பல்பிலும்கூட அகச்சிவப்பு உண்டு என்பதால், டிவி குழம்பாமலிருக்க ரிமோட் தன் ஒளியை நொடிக்கு 38,000 முறை போல விட்டுவிட்டு மினுக்குகிறது. டிவியின் ரிசீவர் அந்த வேகத்தில் மினுங்குவதை மட்டுமே பொருட்படுத்தும்.

செய்தி இருப்பது, இந்த மினுக்கல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நடுவில் எவ்வளவு நேரம் இருள் என்பதில். ஜப்பானின் என்இசி நிறுவனம் வகுத்த, பரவலாகப் புழங்கும் என்இசி முறையில் முதலில் 9 மில்லிநொடி மினுக்கல், 4.5 மில்லிநொடி இருள். இது ‘கவனி’ என்று கூப்பிடுவது. பிறகு 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள். ஒவ்வொன்றும் 0.56 மில்லிநொடி மினுக்கலோடு தொடங்கும். அடுத்து வரும் இருள் குட்டையாக இருந்தால் 0, மும்மடங்கு நீண்டால் 1. ஆக 0 முடிய 1.125 மில்லிநொடி, 1 முடிய 2.25. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்கு. கருவியின் முகவரி 8 பிட், கட்டளை 8 பிட். இரண்டும் 0, 1 மாற்றிப்போட்டு இன்னொரு முறை வரும், பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்க.

கற்கும் ரிமோட்டுக்கு இதில் ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. மினுக்கலின் வேகம் என்ன, எத்தனை மைக்ரோநொடி ஒளி, எத்தனை மைக்ரோநொடி இருள் என்று வரிசையாக அளந்து சேமித்துக்கொள்ளும். பிறகு அப்படியே ஒப்பிக்கும். பொருள் தெரியாமல் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை அது. டிவியின் ரிசீவர், மினுக்கல் எவ்வளவு நேரம், இருள் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, 38,000 என்ற அந்த வேகத்தை வடிகட்டி எறிந்துவிடும். கற்கும் ரிமோட்டுக்கோ அந்த வேகமும் வேண்டும் என்பதால், வடிகட்டாத வெறும் ஒளி உணரியைக்கொண்டு பார்க்கிறது. அதற்குத் தொலைபார்வை குறைவு. அதனால்தான் இரண்டையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்கச் சொல்கிறார்கள். வெயில் படாத இடம் நல்லது. பழைய ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுவிடுங்கள்.

பட்டனை எப்போது அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். என்இசி முறையில் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால், முழுச் செய்தி ஒருமுறைதான் போகும். பிறகு 108 மில்லிநொடிக்கு ஒருமுறை ‘இன்னும், இன்னும்’ என்ற குட்டிச் சைகை மட்டும். முன்பே அழுத்திப் பிடித்துக்கொண்டு கற்கும் நிலையைத் தொடங்கினால், ரிமோட் அந்த ‘இன்னும்’ என்பதை மட்டும் பாடமாக்கிக்கொள்ளும். எதை இன்னும் என்று டிவிக்குப் புரியாது.

கிளிப்பிள்ளை தடுமாறும் இடம் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆர்சி-5 முறை. அதில் ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் ஒரு பிட் மாறி மாறி வரும். 1 என்ற பட்டனை இருமுறை தட்டினீர்களா, ஒரே அழுத்தாகப் பிடித்திருக்கிறீர்களா என்று டிவி அதை வைத்துத்தான் பிரித்தறிகிறது. ஒப்பிக்கும் ரிமோட்டில் அந்த பிட் உறைந்துபோயிருக்கும். 11-ஆம் சேனல் கேட்டால் 1-லேயே நிற்கக்கூடும். நல்ல ரிமோட்கள் முறையை அடையாளம் கண்டு, அந்த பிட்டைத் தாமே மாற்றி அனுப்பும். அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

இந்த வகை ரிமோட் ஒன்றும் புதிதல்ல. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், 1987-இலேயே ‘கோர்’ என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார்.

டிவி பழகியதும் அம்மா அடுத்துக் கேட்டது ஏசியை. அங்கே கதை வேறு. ஏசி ரிமோட்டில் வெப்பநிலையை ஒரு படி கூட்டினால் ‘ஒரு படி கூட்டு’ என்று போகாது. குளிரூட்டும் நிலை, 25 டிகிரி, காற்றின் வேகம் என்று திரையில் உள்ள மொத்த நிலவரமும் ஒவ்வொரு முறையும் போகும். பல ஏசிகளில் அது 100 பிட்டைத் தாண்டும்; நினைவகம் சிறிதான ரிமோட் பாதியிலேயே கைவிட்டுவிடும். முழுதாகக் கற்றாலும், எத்தனை முறை அழுத்தினாலும் அதே 25-தான். ஆகவே கூட்டும் பட்டனைக் கற்றுக்கொடுக்கும் எண்ணத்தை விட்டேன். பழைய ரிமோட்டில் 26 டிகிரி, மெல்லிய காற்று என்று வைத்து ஒரு பட்டனுக்கும், 24 என்று வைத்து இன்னொன்றுக்கும், அணைப்பதை மூன்றாவதுக்கும் கற்றுக்கொடுத்தேன். அணைக்கும் பட்டன்மேல் அம்மா ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டார், இருட்டில் விரலுக்குத் தட்டுப்பட.