சில்லர் ரூம் பையன்களுக்கு எந்தச் சான்றிதழ்?

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் எந்தப் பெரிய ஆபீஸின் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கினாலும் தமிழ் காதில் விழும். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து வந்து சில்லர் (கட்டடத்து ஏசிக்கெல்லாம் தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம்), பம்ப், ஜெனரேட்டர் என்று ஷிஃப்ட் பார்ப்பவர்கள். "அண்ணா, எனர்ஜி மேனேஜர்னு ஒரு பரீட்சை இருக்காமே, நான் எழுதலாமா?" என்று அவர்களில் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் பரீட்சைக்கு மூலம் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். எரிசக்தியை அதிகம் செலவழிப்பவர்கள் என்று அரசு குறித்து அறிவிக்கும் நிறுவனங்கள், அந்தச் செலவைக் கவனிக்கத் தகுதி பெற்ற எனர்ஜி மேனேஜர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஆபீஸ் கட்டடமும் இதில் வந்துவிடாது. ஆட்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வதை மாநில அரசின் வேலைகளில் ஒன்றாகவே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. கர்நாடகத்தில் இந்தச் சட்டத்துக்கான முகமை கிரெடல் (KREDL) என்கிற மாநில அரசு நிறுவனம்.

தேர்வை நடத்துவது பிஇஇ என்கிற மத்திய எரிசக்தித் திறன் பணியகம். மேனேஜருக்கு மூன்று தாள்: பொது, வெப்பம், மின்சாரம். எரிசக்திச் செலவைத் தணிக்கை செய்யும் எனர்ஜி ஆடிட்டர் ஆக வேண்டுமானால் நான்காவது தாளும் உண்டு. அதைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். பாடநூல்கள் பிஇஇ தளத்தில் இலவசம். அவற்றைப் புரட்டிப் பார்க்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆனால் ஐடிஐ மட்டும் படித்தவருக்கு இந்தத் தேர்வில் இடமில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வால்வைத் திருப்புவது அவர்தானே. அவருக்குள்ள வழி, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் ஆர்பிஎல். ஏற்கெனவே கைவந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். பயிற்சி குறைவு, கட்டணம் கிடையாது. ஏசி டெக்னீஷியன் வேலைக்கு அது செல்லும்.

சரி, படித்து என்ன ஆகப்போகிறது? நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் ஏஹெச்யூவுக்கெல்லாம் (குளிர்ந்த காற்றை மாடிகளுக்குத் தள்ளும் ஃபேன் பெட்டி) விஎஃப்டி (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டிருந்தார்கள். எப்போதோ ஒரு மாடியில் புழுக்கம் என்று புகார் வர, யாரோ அவற்றை மேனுவலில் போட்டு முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டார். திருப்பி ஆட்டோவில் போட ஆளில்லை. அதே வேகத்தில் மாதக்கணக்காக ஓடின. ஃபேன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப்படி (0.8 × 0.8 × 0.8) மாறுகிற கணக்கு அது. சில்லரில் தண்ணீரைக் குளிர்விக்கும் பகுதியான ஆவியாக்கியின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினாலே சுமார் 3 சதவீதம் மிச்சம். பெங்களூரு ராத்திரிக் குளிரில் வெளிக்காற்றையே உள்ளே விட்டுச் சமாளிக்கக்கூடிய நாட்களும் உண்டு. இதெல்லாம் தெரிந்தவர் லாக் புக்கை எழுதிவைப்பதோடு நிறுத்தமாட்டார், அதைப் படிக்கவும் செய்வார்.

டிப்ளமோக்காரர்கள் விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்று கேட்பார்கள். எத்தனை ஆண்டு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதே பேஸ்மென்ட், அதே சில்லர். ஆனால் பராமரிப்பு கான்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் சம்பளம் தரும் கம்பெனியின் பெயர் மாறிவிடும். பழைய கம்பெனி கிளம்பும் அந்த வாரமே லெட்டரை வாங்கிவிடுங்கள். அப்புறம் போன் பண்ணினால் எடுக்கமாட்டார்கள்.