கைக்கு எட்டாத பிளக்

"போன சர்வீஸ்லதானுங்க எட்டு பிளக்கும் மாத்துனேன். மறுபடியும் மிஸ்ஸிங் ஆகுதுங்க" என்று நெகமத்திலிருந்து ஒரு அண்ணன் பழைய ஹோண்டா சிட்டியைக் கொண்டு வந்தார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அது சரியாகப் பற்றவைக்காமல் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதுதான் மிஸ்ஸிங். 2003-ல் வந்த ஐ-டிஎஸ்ஐ எஞ்சின். சிலிண்டர் நாலுதான், ஆனால் சிலிண்டருக்கு இரண்டு பிளக். முன்வரிசை நாலும் பானெட்டைத் திறந்தால் கைக்கு வரும். பின்வரிசை முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். வைப்பரையும் அதன் கீழே உள்ள பிளாஸ்டிக் கவரையும் கழற்றினால்தான் வேலை சுளுவாகும். கழற்றிப் பார்த்தேன். முன்னால் நாலும் புதுசு. பின்னால் நாலும் மாற்றாத பழசு, முனை தேய்ந்து, முனைகளுக்கு நடுவே இடைவெளி அகன்று கிடந்தன. இடைவெளி அகன்றால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்தச் சுமை, வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலைத்தான் அடிக்கும்.

எட்டாத இடத்துக்கு வழி உண்டுங்க. ஆனால் அவசரப்படக் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் திருகினால், சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட்டின் மரை உரிந்து வரும். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில் ஓரத்தில் நிற்கும் வண்டிகளில் பிளக் குழி நிறையத் தூசி அடைந்திருக்கும். ஏர் அடித்து ஊதாமல் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்.

பெரும்பாலான கார்களுக்கு 16 மி.மீ. பிளக் சாக்கெட் போதும். உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பதாக வாங்குங்கள். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் ராடும் சேரும் இடத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டால், சாக்கெட் குழிக்குள்ளேயே தங்கிவிடாது. வளைவான இடத்தில், சாய்வாகத் திருக விடும் யுனிவர்சல் ஜாயின்ட் உதவும். கழற்ற மட்டும் அதை நம்புங்கள். இறுக்கும்போது சாக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, வண்டி மேடு ஏறும்போது திணறும்.

புது பிளக்கை உள்ளே விட எனக்கு இன்றைக்கும் ஒரு சாண் பெட்ரோல் டியூப்தான். பிளக்கின் தலையில் டியூபைச் செருகி, குழிக்குள் இறக்கி, மேல்நுனியை விரலால் உருட்டுவேன். மரை சரியாகப் பிடித்தால் பிளக் வழுவழுவென்று இறங்கும். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிச் சுற்றும், மரைக்குச் சேதமில்லை. முதல் சுற்றுக்கே ராட்செட் கைப்பிடி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மரை போனால் ஹெட்டைக் கழற்றும்படிகூட ஆகலாம்.

14 மி.மீ. மரையும் வாஷரும் உள்ள புது பிளக் என்றால், கையால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கிரீஸ் பூச வேண்டாம். வழுக்கலில் அளவு மீறி இறுகிவிடும்.

வண்டிக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிளக் மாற்றியதும் பழசை எல்லாம் கேட்டு வாங்கி எண்ணுங்கள். ஆம்னி என்றால் மூன்று. அந்தச் சிட்டி என்றால் எட்டு.