களவாடப்பட்ட தலைமுறைகள்

ஆஸ்திரேலியச் செய்திகளில் அடிபடும் 'ஸ்டோலன் ஜெனரேஷன்ஸ்' என்ற சொல், அரசும் கிறித்துவ மிஷன்களும் தாய் தந்தையரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன பூர்வகுடிக் குழந்தைகளைக் குறிக்கிறது. ஏறத்தாழ 1970 வரை இது நடந்தது. வெள்ளைத் தகப்பனுக்குப் பிறந்த குழந்தைகள்மீதுதான் அதிகாரிகளுக்குக் கூடுதல் கண்.

சொல்லைப் பரப்பியவர் வரலாற்றாளர் பீட்டர் ரீட். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடந்ததைப் பற்றி 1981இல் எழுதிய சிறு நூலுக்கு 'தொலைந்த தலைமுறைகள்' என்றுதான் முதலில் பெயர் நினைத்திருந்தார். தொலைவது தானாகவும் நடக்கலாமே! தலைப்பு 'ஸ்டோலன்', அதாவது திருடப்பட்ட தலைமுறைகள் என்று மாறியது. ஆனால் திருட்டு என்ற பேச்சு அதற்கும் மூத்தது. அம்மாநிலத்தில் 1915இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பெற்றோர் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்காமலே பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. பெற்றோரிடமிருந்து பிள்ளையைத் திருட வழி செய்கிறீர்கள் என்று மெக்காரி என்ற உறுப்பினர் மாநிலச் சட்டசபையிலேயே எதிர்த்தார்.

தமிழில் என்ன சொல்வது? பட்டப்பகலில், சட்டத்தைக் காட்டி எடுத்துப்போனதால் 'பறிக்கப்பட்ட' என்பது பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்றால் நம் காதில் சாவுச் செய்தியாக விழும். தவிர, சட்டப்படி நடந்ததையே குற்றம் என்று சொல்லும் துணிச்சல் களவு என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே 'களவாடப்பட்ட தலைமுறைகள்'. 'தலைமுறை' என்று ஒருமையில் எழுத வேண்டாம்; ஒரே குடும்பத்தில் பாட்டி, தாய், பேத்தி என்று வரிசையாகப் பிரிக்கப்பட்டதும் உண்டு. தலைமுறை என்ற சொல்லுக்கே எதிர்ப்பும் வந்தது. பூர்வகுடிக் குழந்தைகளில் பிரிக்கப்பட்டவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை, இதை எப்படித் தலைமுறை என்பது என்று ஆஸ்திரேலிய அரசே 2000இல் வாதாடியது. 1910க்கும் 1970க்கும் இடையில் மூன்றில் ஒரு குழந்தை முதல் பத்தில் ஒரு குழந்தை வரை பிரிக்கப்பட்டதாக, இதைப் பற்றிய 1997 விசாரணை அறிக்கை கணித்திருந்தது. ஒரே குடும்பத்தில் பாட்டி, தாய், பேத்தி என்று வரிசையாகப் பிரிக்கப்பட்டதும் உண்டு.

கூடவே வரும் இன்னொரு சொல் 'அசிமிலேஷன்': பூர்வகுடிகளை வெள்ளையர் சமூகத்தில் கரைத்துவிடும் கொள்கை. இதை 'ஒருங்கிணைப்பு' என்று எழுதுவது சரியில்லை. ஒருங்கிணைப்பில் இரு தரப்பும் மிஞ்சி நிற்கும். உயிரியல் பாடத்தில் செரித்த உணவு உடலாவதைத் தன்மயமாதல் என்பார்கள். அதிலிருந்து 'தன்மயமாக்கல்'. கலப்பினத்தவர் வெள்ளையரோடு கரைந்துபோவதே இலக்கு என்று 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் தீர்மானமே போட்டார்கள். பிரித்துக் கொண்டுபோன பிள்ளைகளை வைத்த விடுதிகளில் ஒன்றான கின்செலாவில் பையன்களைப் பெயருக்குப் பதில் எண்ணைச் சொல்லி அழைத்தார்கள். கூட்டமுண்ட்ரா விடுதியில் சிறுமிகளை வீட்டு வேலைக்குப் பழக்கினார்கள்.

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது, களவாடப்பட்ட தலைமுறைகள் என்றே பெயர் சொல்லிக் கேட்டார்.