மறுசீரமைப்பா, அமைவுப் பெயர்ச்சியா?

போன வாரம் தருமபுரியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. ‘ரீகான்ஃபிகரேஷன்’ என்பதற்கு அங்கேயும் ‘மறுசீரமைப்பு’ என்றார்கள். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், எழுதிவிடுகிறேன்.

மூலம் லத்தீன். ‘ஃபிகுரா’ உருவம், ‘கான்’ சேர்த்து, ‘ரீ’ மறுபடி. அவ்வளவுதான். கணினியியலில் அது கேட்கும் கேள்வி வேறு. ஒரு கோட்டுருவில், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வரைபடத்தில், விதிக்கு உட்பட்ட இரண்டு அமைவுகள் இருக்கின்றன. அடிக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து, இடையில் எங்கும் விதி மீறாமல், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேர முடியுமா?

சீரமைப்பு என்றால் பழுது பார்ப்பது. தொப்பூர் கணவாயில் ‘சாலை சீரமைப்புப் பணி’ என்று பலகை இருந்தால் லாரிக்காரர் வேகத்தைக் குறைப்பார். இங்கே எது பழுது? தொடக்கமும் சரி, முடிவும் சரி, நடுவில் வரும் ஒவ்வொன்றும் சரியாக இருந்தாக வேண்டும். கருத்தரங்கில் ஒரு மாணவி எழுந்து, “கடைசி அமைவுதான் கையிலேயே இருக்கே சார், அப்புறம் எதைச் சீரமைக்கணும்?” என்று கேட்டாள். அந்தக் குழப்பம் அவளுடையது இல்லை, சொல்லுடையது. ‘மறுகட்டமைப்பு’ இன்னும் மோசம். இடித்துவிட்டுக் கட்டுவதுபோல் இருக்கிறது.

‘அமைவுப் பெயர்ச்சி’ என்போம். இயற்பியலின் இடப்பெயர்ச்சியில் வழி கணக்கில் வராதே என்று நண்பர் ஒருவர் தடுத்தார். சரிதான். ஆனால் குருப்பெயர்ச்சி அதைவிடப் பழகிய சொல். குரு பக்கத்து ராசிக்குத்தான் போவார், நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க மாட்டார்.

வழிதான் இங்கே எல்லாம். அடுத்தடுத்த முனைகளுக்கு ஒரே நிறம் வராமல் ஒரு கோட்டுருவுக்கு 3 நிறம் பூச முடியுமா என்பது என்.பி. முழுமை, அதாவது விரைவாகத் தீர்க்கும் வழி இதுவரை யாருக்கும் கிடைக்காத கேள்வி வகை. ஆனால் அப்படிப் பூசிய இரண்டைக் கையில் கொடுத்து, முனை முனையாக நிறம் மாற்றி ஒன்றிலிருந்து மற்றதை அடையலாமா என்று கேட்டால், விரைவாகவே விடை சொல்லிவிடலாம். 4 நிறம் ஆனதும் அதே கேள்வி பி-ஸ்பேஸ் முழுமை, அதாவது என்.பி. முழுமையைவிடவும் கடினம் என்று கருதப்படும் வகை, ஆகிவிடுகிறது. பொன்ஸ்மா, செரசெடா என்ற ஆய்வாளர்கள் 2009இல் நிறுவியது. வழி இருந்தாலும் அது, கோட்டுருவின் அளவை வைத்து எழுதும் எந்தப் பல்லுறுப்புக் கோவைக்கும் அடங்காத நீளத்துக்குப் போகலாம். ‘மறுசீரமைப்பு’ என்று படித்தவனுக்கு இந்த நீளம் எப்படி உறைக்கும்?

அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. முனையில் வைத்த காயைக் கோட்டு வழியே பக்கத்து முனைக்குத் தள்ளுவதைக் குறிக்கும் இதே துறையின் ‘டோக்கன் ஸ்லைடிங்’ ஒரு குறிப்பேட்டில் ‘அடையாளச் சறுக்கல்’ ஆகியிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்தரையில் ஆடு புலி ஆட்டக் கோடுகள் கீறியிருக்கின்றன. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்போது தவிர, கோட்டு வழியே அடுத்த புள்ளிக்குத்தான் காய் போகும். அங்கே ஆடும் பிள்ளைகள் “காயை நகர்த்துடா” என்றுதான் சொல்கிறார்கள்.