ப்ரொநோயா: விதி என்று மொழிபெயர்க்கலாமா?

கிரேக்கத்தில் 'ப்ரொ' என்றால் முன், 'நோயெய்ன்' என்றால் எண்ணுதல். முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதுதான் ப்ரொநோயா. முதலில் இது மனிதர்களின் முன்யோசனையைச் சொன்ன சாதாரணச் சொல். ஏதென்ஸ் நகரச் சட்டத்தில் திட்டமிட்டுச் செய்த கொலையைக் குறிக்கவும் இதே சொல்தான்.

கடவுளின் முன்யோசனை என்ற பொருளில் இதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தவர்கள் ஸ்டோயிக்குகள் என்ற பண்டைய கிரேக்கத் தத்துவப் பள்ளியினர். உலகத்தை ஓர் அறிவு முன்னதாகவே யோசித்து அமைத்து, அக்கறையோடு நடத்துகிறது என்றார்கள். அவர்களுக்குப் போட்டியான இன்னொரு பள்ளி, தத்துவ அறிஞர் எபிக்கூரஸின் வழியினர், ஒப்பவில்லை. தெய்வங்கள் உண்டு, ஆனால் கவலையற்ற பேரின்பத்தில் இருப்பவர்களுக்கு உலகை மேய்க்கும் வேலை எதற்கு என்று கேட்டார்கள்.

கி.மு. 45இல் ரோமானிய எழுத்தாளர் சிசெரோ எழுதிய 'தெய்வங்களின் இயல்பு' உரையாடலில் இந்தச் சண்டை சூடாக நடக்கிறது. ப்ரொநோயாவை அவர் லத்தீனில் 'ப்ரோவிடென்டியா' என்கிறார். 'விடேரே' என்றால் பார்த்தல். எபிக்கூரியரான வெல்லேயஸ் அதை 'ஸ்டோயிக்குகளின் குறிசொல்லும் கிழவி' என்று கேலி செய்கிறார். ஸ்டோயிக்கான பால்பஸுக்குக் கோபம்: அது தனியொரு பெண் தெய்வமல்ல, தெய்வங்களின் அக்கறைக்குப் பெயர் என்கிறார். அப்புறம் ஐயவாதியான கோட்டா பேசுகிறார். சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரக் கொடுங்கோலன் டயோனிசியஸ், கிரேக்கத் தலைமைத் தெய்வமான ஜீயஸின் சிலையிலிருந்த பொன்னாடையை உருவி, "கோடையில் கனக்கும், குளிரில் சில்லிடும்" என்று சொல்லிக் கம்பளி போர்த்திவிட்டானாம். அவன் படுக்கையில் நிம்மதியாகச் செத்தானே, அப்போது அந்த அக்கறை எங்கே போனது? கோட்டா ரோமின் அரசுப் பூசாரிகளில் ஒருவர் என்பதால் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் விதி, ஊழ் என்று எழுதுகிறார்கள். அது பிழை. விதிக்கு ஸ்டோயிக்குகள் 'ஹெய்மார்மெனே' என்ற வேறு சொல்லை வைத்திருந்தார்கள். கிறித்தவர்கள் வழங்கும் 'தேவ பராமரிப்பு' நல்ல சொல். அக்கறை அதில் இருக்கிறது, முன்னறிவு இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் தொடர் குறளில் இருக்கிறது: 'எதிரதாக் காக்கும் அறிவு' (429). வரப்போவதை முன்னறிந்து காப்பது. வள்ளுவர் அதை மனிதருக்குத்தான் சொன்னார்; ப்ரொநோயாவும் மனிதரிடமிருந்து தெய்வத்துக்குப் போன சொல்தான். அதையொட்டி 'இறை முன்காப்பு' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். ரோம நாணயங்களில் பேரரசருடையதாக வரும் ப்ரோவிடென்டியாவுக்கு இது பொருந்தாது. அது ஆள்பவரின் குணம். அங்கே 'முன்னோக்கு' போதும்.